கோல்கீப்பருக்கு என்ன விலை?

திருப்பதிக்கு ஏலம் புதிதல்ல. திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடியை நீளம் பார்த்துத் தரம் பிரித்து, தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. நீளம் கூடினால் விலை கூடும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரே அளவுகோல் என்பதால் தகராறுக்கு அதிகம் இடமில்லை.

அங்கிருந்து தெற்கே இறங்கிச் சித்தூர் பக்கம் போனால் விலைக்கு வேறொரு முகம் இருக்கிறது. கிளிமூக்கு மாம்பழம், அந்தப் பக்கத்து மொழியில் தோத்தாபுரி, கூழ் தொழிற்சாலைகளை நம்பி விளைகிறது. 2025-ல் விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு ரூ. 12 என்று அறிவித்தது. தொழிற்சாலை ரூ. 8 தர வேண்டும், மீதி ரூ. 4 அரசின் மானியம். சொன்ன எட்டு ரூபாயைத் தொழிற்சாலைகள் தரவில்லை என்ற புகார் அந்தப் பருவம் முடிவதற்குள் கிளம்பிவிட்டது. அறிவித்த விலை ஒன்று, கைக்கு வந்த விலை வேறொன்று என்பது சித்தூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டிய விஷயமல்ல.

இதே மண்ணிலிருந்து வந்த ஒரு ஹாக்கி கோல்கீப்பரின் கதையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கணக்கும் உதவும். எதிமரப்பு ரஜனி பிறந்தது எர்ராவாரிபாளையம் மண்டலத்தில். அன்று சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தபோது அந்த மண்டலம் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. தச்சுத் தொழில் செய்யும் குடும்பம். ஹாக்கி என்றால் பஞ்சாப், ஹரியானா, ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பட்டியல் போடுகிறவர்கள் ஆந்திரத்தின் பெயரைச் சொல்வதில்லை. அங்கிருந்து கிளம்பி இந்தியாவின் கோல்கீப்பர்களில் ஒருவராக வந்தவர். 2017-ல் ஜப்பானில் ஆசியக் கோப்பை வென்ற அணியிலும், 2018-ல் ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணியிலும் இருந்தார். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த ஐவர் ஹாக்கி உலகக் கோப்பைக்கு அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 2-7 என்று தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள்.

இவ்வளவு செய்த ஒருவருக்கு என்ன விலை? எந்தச் சந்தையும் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. காரணம் பாதி ஹாக்கியில் இருக்கிறது, பாதி நம் ஊர் நடைமுறையில்.

ஹாக்கியில் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபார்வர்டு வீராங்கனை ஐந்து நிமிடம் ஓடுவார், வெளியே வந்து தண்ணீர் குடிப்பார், மறுபடியும் உள்ளே போவார். ஆகவே அணியின் பதினைந்தாவது ஆளுக்கும் ஆட்டத்தில் பங்கு உண்டு. இரண்டாவது கோல்கீப்பருக்கு மட்டும் இல்லை. முதல் கோல்கீப்பர் காயம் அடையாத வரை இரண்டாமவர் கால் கவசத்தைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உலகக் கோப்பைக்கு 18 பேர் போகலாம் என்பதால் இரண்டு கோல்கீப்பர்களுக்கு இடம் கிடைக்கும். ஒலிம்பிக்கில் அணி 16 பேர்தான். பெரும்பாலான நாடுகள் ஒரே ஒரு கோல்கீப்பரைப் பட்டியலில் எழுதிவிட்டு, இன்னொருவரை மாற்று ஆளாகக் கூட்டிச் செல்கின்றன. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சவிதா புனியா முதலாமவர், ரஜனி அந்த மாற்று ஆள்.

டோக்கியோவில் நடந்தது ஊரறிந்தது. ஆகஸ்ட் 2-ம் தேதி கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று இந்தியப் பெண்கள் வீழ்த்தினார்கள். கோல் அடித்தவர் குர்ஜித் கவுர், ஒரு பெனால்டி கார்னரில். ஆனால் அன்று ஆஸ்திரேலியா தட்டிய கதவுகளை எல்லாம் சாத்தியவர் சவிதா. கடைசியில் நான்காம் இடம். மாற்று ஆளாக இருந்த ரஜனிக்கு அந்தப் புகழில் எத்தனை பங்கு? ஆண்டு முழுவதும் பயிற்சியில் குர்ஜித்தின் டிராக் ஃபிளிக் பந்துகளை உடம்பில் வாங்கிக்கொண்ட இருவரில் அவரும் ஒருவர் என்று சொல்லலாம். ஸ்கோர் அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஊர் திரும்பியதும் ஆந்திர அரசு அவரை மதித்தது. 2021 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி அறிவித்தவை: ரூ. 25 லட்சம் ரொக்கம், திருப்பதியில் 1,000 சதுர கஜம் வீட்டு மனை, குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை, மாதம் ரூ. 40,000 ஊக்கத்தொகை. இவற்றோடு இன்னொரு உத்தரவும் வந்தது. முந்தைய அரசு அறிவித்து நிலுவையில் நின்றுபோன தொகையையும் உடனே விடுவிக்க வேண்டும் என்பது அது.

பரிசை விட அந்தக் கடைசி வரிதான் கவனிக்கத்தக்கது. ஓர் அரசு மேடையில் சொன்னதை அடுத்த அரசு மேடையில் 'விடுவிக்க' வேண்டியிருக்கிறது. ஆட்சி மாறினால் பாக்கி நிற்கும். ஆட்சிக்கு மனம் வந்தால் பாக்கி தீரும். ஆட்டக்காரரின் கையில் கையெழுத்தான காகிதம் இல்லை, தவணைத் தேதி இல்லை, தராவிட்டால் போய் நிற்பதற்கு ஓர் இடம் இல்லை. இதைப் பரிசு என்று சொன்னால் சரி. ஆட்டக்காரர் அதை நம்பி அடுத்த நான்கு ஆண்டு வாழ்க்கையைத் திட்டமிட வேண்டும் என்றால் பரிசு என்ற சொல் போதாது.

சரி, அரசை விட்டுவிட்டுச் சந்தையிடம் போகலாமே என்று கேட்கலாம். ரஜனி போகக்கூடிய சந்தையே அப்போது இல்லை. 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியது. முதல் ஆண்டு கோப்பையை ஹைதராபாத் சுல்தான்ஸ் வென்றது. சென்னை வீரன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. 2008-உடன் அது முடிந்தது. 2012-ல் உலகத் தொடர் ஹாக்கி. சென்னை சீட்டாஸ் அதில் ஆடியது. ஒரே ஆண்டுதான். 2013-ல் ஹாக்கி இந்தியா லீக். அது ஐந்து பருவம் தாக்குப்பிடித்து 2017-ல் நின்றது. மூன்றுமே ஆண்களுக்கு. பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் ராஞ்சியில் தொடங்கியது 2025 ஜனவரி 12-ம் தேதி. 1990-ல் பிறந்த ரஜனிக்கு அப்போது வயது 34. ஒரு கோல்கீப்பரின் நல்ல ஆண்டுகள் பெரும்பாலும் கடந்துபோன பிறகுதான் அவருடைய ஆட்டத்துக்குச் சந்தை திறந்தது.

அந்தச் சந்தை விலை போட்ட விதமும் சுவையானது. 2024 அக்டோபரில் நடந்த ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் ரூ. 4 கோடி, பெண்கள் அணிக்கு அதில் பாதி. அடிப்படை விலை ரூ. 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று படிகள். ஆண்களில் உச்ச விலை ஹர்மன்பிரீத் சிங், ரூ. 78 லட்சம். பெண்களில் உதிதா துஹான், ரூ. 32 லட்சம். வெளிநாட்டுப் பெண்களில் நெதர்லாந்தின் யிப்பி யான்சன், ரூ. 29 லட்சம். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒன்பது கோல் போட்டு முதலிடம் பிடித்தவர் அவர். ஹர்மன்பிரீத்தும் யான்சனும் பெனால்டி கார்னரில் கோல் போடுகிறவர்கள். கோல் தடுப்பதில் இந்தியாவின் முதல் பெயரான சவிதா ரூ. 20 லட்சத்துக்குப் போனார்.

தமிழ்நாடு டிராகன்ஸ் கணக்கும் இதேதான். டிராக் ஃபிளிக்கில் பேர்பெற்ற நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு ரூ. 54 லட்சம் தந்தது. அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு ரூ. 32 லட்சம். ஒருவர் அடித்தால் ஒரு கோல் கூடும், மற்றவர் தடுத்தால் ஒரு கோல் குறையும். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்பார். ஏலத்தில் கை தூக்குகிறவர் அப்படி நினைப்பதில்லை. அடித்த கோல் தொலைக்காட்சியில் நான்கு முறை வரும். தடுத்த கோல் ஒரு முறை வந்தால் அதிகம்.

விலை விதியைப் பொறுத்தது என்பதற்குப் பழைய லீக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2016, 2017 பருவங்களில் களத்தில் ஓட்டத்தில் அடிக்கும் கோல் ஒன்றுக்கு இரண்டாக எண்ணப்பட்டது. பெனால்டி கார்னர் கோல் ஒன்றாகவே நின்றது. ஒரே இரவில் டிராக் ஃபிளிக் நிபுணர்களின் மதிப்பு பாதியாகி, பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்களின் மதிப்பு ஏறியது. ஆட்டக்காரர்களின் கைத்திறன் மாறவில்லை, விதிப் புத்தகம்தான் மாறியது. (இன்னொரு வேடிக்கை. 2013 பருவத்துக்கான முதல் ஏலத்தில் சர்தார் சிங்கின் விலை 78,000 டாலர், அன்றைய கணக்கில் ரூ. 42 லட்சம் சொச்சம். 2024-ல் ஹர்மன்பிரீத்துக்கு ரூ. 78 லட்சம். 78 ஹாக்கிக்கு ராசியான எண் போலிருக்கிறது.)

கோல்கீப்பரின் மதிப்பைக் கணக்கிடுவதில் நம்மவர்கள் மட்டும் தடுமாறவில்லை. ஒப்பந்தமும் பரிமாற்றமும் ஒரு தனிக்கலையாக வளர்ந்திருக்கும் இடம் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக். அங்கே ஆட்டக்காரரை ஏலத்தில் வாங்குவதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பிறகு அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்து ஆளையே இன்னொரு அணிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பரிமாற்றம் கூடாது என்று ஷரத்து எழுதி வாங்காத ஆட்டக்காரரைச் சம்மதம் கேட்காமலே மாற்றலாம். 1988 ஆகஸ்ட் 9-ல் வெய்ன் கிரெட்ஸ்கியை எட்மன்டன் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றியபோது, ஆட்டக்காரர்களோடு 1.5 கோடி டாலர் ரொக்கமும் கைமாறியது. கனடா அரசு தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கேட்கும் அளவுக்குப் போனது.

ஆனால் அங்கேயும் கோல்கீப்பர் என்று வந்தால் வியாபாரிகளின் கண் மங்குகிறது. 1992-ல் சிகாகோ அணி செக் நாட்டு கோல்கீப்பர் டொமினிக் ஹாசெக்கை பஃபலோவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வாங்கியது இன்னொரு கோல்கீப்பரையும், புதியவர் தேர்வில் ஓர் இடத்தையும். சிகாகோவில் அப்போது முதல் கோல்கீப்பர் எட் பெல்ஃபோர். ஹாசெக் பெஞ்சில் இருந்தவர், அதனால் மலிவாகப் போனார். அதே ஹாசெக் பிறகு லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருதை ஆறு முறை வாங்கினார். 1998-ல் நாகானோ ஒலிம்பிக்கில் செக் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். பெஞ்சில் இருப்பவரின் மதிப்பு பெஞ்சின் மதிப்புதான் என்று நினைத்த சிகாகோவுக்கு அது விலை உயர்ந்த பாடம்.

1995 டிசம்பரில் நடந்தது இன்னும் சூடானது. மான்ட்ரியல் அணியின் தூணாக இருந்த பாட்ரிக் ருவா, டெட்ராய்டுக்கு எதிராக ஒன்பது கோல் விட்ட பிறகுதான் பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்தார். அவமானப்பட்டவர் இனி இந்த அணிக்கு ஆட மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். நான்கே நாளில் கொலராடோவுக்கு மாற்றினார்கள். கோபத்தில் இருக்கும் ஆளை அவசரத்தில் விற்றால் என்ன விலை வரும்? கொலராடோ அடுத்த ஜூனில் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது.

இவற்றுக்கு எதிர்ப்பக்கம் செர்கெய் போப்ரோவ்ஸ்கி. 2019-ல் ஃபுளோரிடா அணி இந்த ரஷ்ய கோல்கீப்பரோடு ஏழு ஆண்டுக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது, ஆண்டுக்குச் சராசரி ஒரு கோடி. அங்கே ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2004-05 பருவம் முழுவதையும் ரத்து செய்த கதவடைப்புக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. 2019-20-ல் உச்சவரம்பு 8.15 கோடி டாலர். அதாவது எட்டில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. முதல் சில ஆண்டுகள் ஆட்டம் சுமார். லீக்கின் மிக மோசமான ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டன. இவரை வாங்க எந்த அணி முன்வரும் என்று கேலி நடந்தது. ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு என்பதால் ஃபுளோரிடாவுக்கும் அவரை வைத்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2024-ல் அந்த அணி தன் வரலாற்றில் முதல் முறையாக ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2025-ல் மறுபடியும் வென்றது. இரண்டு முறையும் கோலில் நின்றவர் போப்ரோவ்ஸ்கி.

இந்த மூன்று கதையிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. கோல்கீப்பரின் பயன் ஒரு பருவத்தில் தெரிவதில்லை. நல்ல தடுப்பாட்டம் முன்னால் இருந்தால் சுமாரான கோல்கீப்பரும் சிறப்பாகத் தெரிவார். முன்னால் ஓட்டை இருந்தால் சிறந்தவரும் சுமாராகத் தெரிவார். ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் கோல்கீப்பரை நோக்கிச் சுமார் 30 ஷாட் வரும். ஒரு பருவம் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். அத்தனை கணக்கு கையில் இருந்தும் அவர்கள் தவறு செய்கிறார்கள். நம்முடைய பெண்கள் லீக்கின் முதல் பருவம் ஜனவரி 12-ல் தொடங்கி 26-ல் முடிந்தது. 15 நாள் ஆட்டத்தைப் பார்த்து ஒரு கோல்கீப்பரை எடை போட முடியும் என்று சொல்கிறவர், தோப்பை வெளியே நின்று பார்த்தே மகசூல் சொல்கிறவராக இருக்க வேண்டும்.

ஆகவே விலை குறைவு என்பது புகாரின் பாதிதான். ரூ. 20 லட்சம் அவமானமான தொகை அல்ல, அதுவும் 15 நாள் போட்டிக்கு. காலம் குறைவு என்பதுதான் மீதிப் பாதி, கனமான பாதியும் அதுதான். அடுத்த பருவம் அணி தக்கவைத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் மறுபடியும் மேடை. லீக்கே இருக்குமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. முதலில் ஆறு பெண்கள் அணி என்று அறிவித்தார்கள், களமிறங்கியது நான்கு. கோல் போடுகிறவருக்கு இந்த ஏற்பாடு பரவாயில்லை, இரண்டு ஆட்டத்தில் மின்னினால் விலை ஏறிவிடும். காத்திருந்துதான் மதிப்பைக் காட்ட முடியும் என்ற இடத்தில் நிற்கிறவருக்கு இது பொருந்தாத சட்டை.

இவ்வளவு நாள் இந்திய ஹாக்கி ஆட்டக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் எது என்றால், வேலை. ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனங்கள், போலீஸ். அமெரிக்கர்கள் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி வாயைப் பிளக்கிறார்கள். நம் ரயில்வே ஓய்வு வயது வரைக்கும் ஒப்பந்தம் எழுதுகிறது. ஆட்டம் சரியில்லை என்று யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், முழங்கால் போனாலும் சம்பளம் வரும். நம்மூரில் டிரான்ஸ்ஃபர் என்றால் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போவதுதான். ஏலத்தின் பளபளப்பைப் பார்த்துவிட்டு இந்த ஏற்பாட்டைப் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள், லீக் நின்றுபோன 2017-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது எது என்று பார்க்க வேண்டும்.

அந்த வேலையும் எல்லோருக்கும் உடனே வருவதில்லை. 2017 நவம்பர் 5-ம் தேதி ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம் 1-1 என்று சமமாகி, ஷூட் அவுட்டில் சீனாவை இந்தியா 5-4 என்று வென்றது. தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருது சவிதாவுக்கு. எட்டு ஒன்பது ஆண்டாக நாட்டுக்கு ஆடியும் தனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று அப்போது அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஹாக்கிக்குப் பேர்போன ஹரியானாவைச் சேர்ந்தவருக்கே அந்த நிலை. சித்தூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவருக்கு, ஊரில் தனக்காகப் பேச ஹாக்கி தெரிந்த நாலு பெரிய மனிதர்கூட இல்லை.

சந்தை ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராயலசீமையிலேயே பக்கத்து மாவட்டத்தில் உதாரணம் இருக்கிறது. கடப்பாவைச் சேர்ந்த சுழற்பந்து வீராங்கனை ஸ்ரீ சரணியை 2024 டிசம்பர் ஏலத்தில் டெல்லி கேபிடல்ஸ் ரூ. 55 லட்சத்துக்கு வாங்கியது. 2025-ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அவர் 14 விக்கெட் எடுத்திருந்தார். அதே நவம்பரில் மீண்டும் ஏலம். அதே டெல்லி, இந்த முறை ரூ. 1.3 கோடி. ஓர் ஆண்டுக்குள் மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, ஏறியது பணமாகவும் வந்தது. கிரிக்கெட்டில் வீரர் பரிமாற்றமும் அரங்கேறிவிட்டது. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் ரூ. 18 கோடிக்கு சென்னைக்கு வர, ரவீந்திர ஜடேஜா ரூ. 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கி ராஜஸ்தானுக்குப் போனதைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த டீக்கடை விவாதம் ஐஸ் ஹாக்கிக்காரர்களின் விவாதத்துக்குக் குறைந்ததல்ல. அப்படி விவாதிக்க முடிந்ததற்குக் காரணம், எண்கள் வெளிப்படையாக இருந்தன. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது.

ஸ்ரீ சரணிக்கும் ஆந்திர அரசு அள்ளிக் கொடுத்தது. ரூ. 2.5 கோடி ரொக்கம், குரூப் 1 வேலை, கடப்பாவில் 1,000 சதுர கஜம் மனை. ஆட்சி மாறிவிட்டது, ஆட்டம் மாறிவிட்டது, ரொக்கம் பத்து மடங்கு ஆகிவிட்டது. மனையின் அளவு மட்டும் 2021-ல் ரஜனிக்குச் சொன்ன அதே 1,000 சதுர கஜம்.

ஹாக்கி நிர்வாகிகளும் மாநில அரசும் செய்யக்கூடியவை பெரிய மந்திரம் அல்ல. லீக் ஒப்பந்தங்களைக் குறைந்தது மூன்று பருவத்துக்கு எழுதலாம். கோல்கீப்பர்களுக்காவது அப்படிச் செய்யலாம். பருவத்தின் நடுவில் காயம் பட்டால் முழுத் தொகை உண்டு என்று எழுதலாம். அணி கலைந்தால் ஒப்பந்தத்தை யார் ஏற்பது என்று முன்கூட்டியே சொல்லலாம். மாநில அரசு தன் பரிசை மேடையில் அறிவிக்கும் அன்றே அரசாணையாக, தவணைத் தேதியோடு வெளியிடலாம். தச்சரிடம் கதவு செய்யச் சொல்கிறவர்கள்கூட முன்பணம் இவ்வளவு, மீதி என்றைக்கு என்று பேசி முடித்துவிட்டுத்தான் மரம் இறக்குகிறார்கள்.

இதற்கு வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. பெண்கள் ஹாக்கி லீக்குக்கு இன்னும் வருமானமே இல்லை, பணம் போட்டவர்கள் நட்டத்தில் நடத்துகிறார்கள், இந்த நிலையில் மூன்று ஆண்டுக்குக் கட்டிப்போட்டால் இருக்கும் நான்கு அணியும் ஓடிவிடும் என்கிறார்கள். இருக்கலாம். அதனால்தான் தொகையைக் குறைத்தாவது காலத்தை நீட்டுவது புத்திசாலித்தனம். ஆண்டுக்கு ரூ. 20 லட்சம் என்று ஒரு முறை தருவதும், ஆண்டுக்கு ரூ. 8 லட்சம் என்று மூன்று முறை தருவதும் அணியின் பெட்டியில் பெரிய வித்தியாசம் செய்யாது. 24 வயதில் வேலைக்குப் போவதா, கவசத்தை மாட்டுவதா என்று வீட்டில் கேட்கப்படும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஆந்திரத்துக்குப் பெண்கள் லீக்கில் அணி இல்லை. பக்கத்தில் இருப்பது ஹைதராபாத் டூஃபான்ஸ், அதுவும் ஆண்கள் அணி. 2025 பிப்ரவரி 1-ம் தேதி இறுதியில் வங்க அணியிடம் 3-4 என்று தோற்றது. எர்ராவாரிபாளையத்துப் பள்ளி மைதானத்தில் இன்று ஒரு சிறுமி கோலில் நிற்க ஆசைப்பட்டால் கணக்கு இதுதான். நாட்டில் நான்கு பெண்கள் அணி. அணிக்கு இரண்டு கோல்கீப்பர் என்று வைத்தாலும் எட்டு இடம். அதில் சில வெளிநாட்டவருக்குப் போகும். மீதியில் பாதி, பெஞ்சில்.